ரியாத்தில் காணாத குப்பா

சீறாப்புராணத்தைப் பாடம் சொல்லும்போது மாணவர்கள் சிரிக்கும் இடம் ஒன்றுண்டு. விலாதத்துக் காண்டத்தின் தொடக்கத்தில் வரும் நாட்டுப் படலமே அது. உமறுப்புலவர் அரபு நாட்டைப் பாடப் புகுந்து, மேகத்தை மலைமேல் ஏற்றி, மழையைப் பொழிவித்து, ஆற்றைப் பெருக்கி, உழவும் நடவும் அறுவடையுமாக ஒரு மருத நிலத்தையே அங்கே விரித்துவிடுகிறார். மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்பதை ஓதும் பிள்ளைகள் இப்ராஹீம் நபியவர்களின் துஆவிலிருந்தே அறிவர். ஆகவே, "உஸ்தாது, புலவர் அரபு நாட்டைப் பார்த்ததே இல்லையா?" என்று கேட்பர். அரபும் தமிழும் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் நாம், இந்த முப்பது ஆண்டுகளும் ஒரே விடையைத்தான் சொல்லிவந்தோம். நாடும் நகரும் பாடாமல் தமிழில் காப்பியம் தொடங்காது. கம்பனின் கோசலமும் அப்படிப்பட்டதே. இது மரபு என்போம். விடை பிழையன்று. ஆனால் அதைச் சொல்லும்போது நம் குரலில் சிறிது கூச்சம் இருந்தது. புலவருக்காக நாம் மன்னிப்புக் கேட்பது போன்றதொரு கூச்சம்.

2025ஆம் ஆண்டு உம்றாவை முடித்துக்கொண்டு, மதீனாவிலிருந்து ரியாத் சென்று, மருமகனின் அறையில் பத்து நாட்கள் தங்கினோம். திரும்பி வந்தபின் அந்தக் கூச்சம் நம்மிடம் இல்லை. அது நீங்கிய காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், ரியாத்தைப் பற்றியும், பாரூரை அடுத்த ஒரு மஹல்லாவின் பழைய பள்ளிவாசலைப் பற்றியும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவதை முதலில் சொல்லிவிடுவோம்; அவசரம் அதில்தான் இருக்கிறது.

அந்தப் பள்ளி சிறியது. கருங்கல் தூண்கள் மூன்று வரிசை. மேலே சுண்ணாம்புத் தளம் போட்ட தட்டைக் கூரை. முகப்பில் இரண்டு குட்டை மினாராக்கள். வாசலை ஒட்டி, படிக்கட்டுகள் இறங்கும் ஹவுளு. குப்பா இல்லை. கோடையிலும் உள்ளே குளிர்ந்திருக்கும். மஹல்லாவின் இளைஞர்களில் பலர் ஓசூர் ஆலைகளிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கின்றனர். அவர்கள் அனுப்பிய பணம் ஓரளவு சேர்ந்திருக்கிறது. பள்ளியை இடித்துப் புதிதாகக் கட்டுவதென ஜமாஅத்தில் பேச்சு. படமும் வரைந்தாகிவிட்டது. பெரிய பச்சைக் குப்பா, நான்கு உயர்ந்த மினாராக்கள், கண்ணாடி முகப்பு, ஹவுளு இருந்த இடத்தில் குழாய் வரிசை. படத்தின் தலைப்பில் 'அரபு பாணி' என்று எழுதியிருந்தது. முத்தவல்லி படத்தை நம் முன் விரித்து, "ஹஜ்ரத், நீங்கள் அரபு நாட்டையே நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இது சரியாக இருக்கிறதா, சொல்லுங்கள்" என்றார். அவர் கேட்டது ஒப்புதல், விமரிசனமன்று. ஆயினும் நம்மிடம் இருப்பது பின்னதுதான்.

ரியாத் என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். ரவ்ளா என்பதன் பன்மை அது. மதீனாப் பள்ளியில் மிம்பருக்கும் ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் இல்லத்துக்கும் இடைப்பட்ட இடத்தை நாம் ரவ்ளா என்கிறோமே, அதே சொல். தோட்டங்கள் என்று பொருள். பாலையின் நடுவே, கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்து மேட்டில் இருக்கும் ஊருக்கு அரபு மக்கள் இட்ட பெயர் தோட்டங்கள்! இந்த இடத்தில் முன்பிருந்த ஊருக்கு ஹஜ்ர் என்று பெயர். யமாமாப் பகுதியின் தலைமையூர். பதினான்காம் நூற்றாண்டில் அவ்வழியே சென்ற இப்னு பதூதா அதை நீரோட்டமும் மரங்களும் உள்ள நல்ல ஊர் என்றே குறித்துவைத்தார். (நம் மதுரைக்கும் வந்துபோன அதே இப்னு பதூதாதான்.) ஹனீஃபா ஓடை என்னும் பள்ளத்தாக்கின் ஓரத்தில், மழை பெய்த சில நாட்கள் மட்டும் ஓடும் நீரையும் கிணற்று நீரையும் நம்பி, பேரீச்சந் தோப்புகள் வளர்ந்தன. பெயர் பொய்யன்று, அரிதானதைத் தேர்ந்து பெயராக்கியிருக்கிறார்கள், அவ்வளவே. பாலைவாசிகளே இப்படிச் செய்திருக்க, எட்டயபுரத்துப் புலவர் மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும்?

ரியாத்தைப் பற்றி நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகள் சிலவற்றைப் புறப்படுமுன் தேடிப் படித்தோம். அவற்றில் சாலையின் அகலம் இருந்தது. கோபுரங்களின் உயரம் இருந்தது. தங்கத்தின் விலை இருந்தது. குளிரூட்டியின் சுகம் இருந்தது. எல்லாவற்றுக்கும் முடிவில், இஸ்லாமிய மரபு நவீனத்தோடு கைகோத்து நிற்கிறது என்ற ஒரு வாக்கியமும் தவறாமல் இருந்தது. எந்த மரபு, எங்கே, எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. 2002இல் முடிந்த கிங்டம் கோபுரம் 302 மீட்டர் உயரமாம், இருக்கட்டும். அதன் மேலிருந்து பார்த்தால் நகர் முழுவதும் தெரிகிறதாம்; மருமகன் வற்புறுத்தியும் நாம் ஏறவில்லை. பாங்கு சொல்லும் மினாராவில் ஏறி அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்க்கலாகாது என்று ஃபிக்ஹு கற்பித்தவனுக்கு, உயரம் ஒரு பெருமையாகத் தோன்றுவதில்லை.

நாம் போனது பழைய நகரின் நடுவுக்கு. 2024 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோ இரயிலில், ஓட்டுநர் இல்லாத வண்டியில், கஸ்ருல் ஹுக்ம் நிலையத்தில் இறங்கினோம். ஆறு தடங்கள், 176 கிலோமீட்டர், 85 நிலையங்கள் என்று பெருமையாகச் சொன்னார் மருமகன். நிலையத்தின் மேலே ஒரு பெரிய உலோகக் கிண்ணம் கவிந்து, கீழே உள்ள தோட்டத்தையும் மேலே நடப்போரையும் தன்னில் காட்டுகிறது. அழகுதான். வெளியே வந்து சிறிது தூரம் நடந்தால் மஸ்மக் கோட்டை. 1865ஆம் ஆண்டளவில் களிமண் கல்லால் எழுப்பியது; 1902இல் அப்துல் அஸீஸ் சிறு படையுடன் வந்து கைப்பற்றியதிலிருந்தே இன்றைய அரசின் சரித்திரம் தொடங்குகிறது. அதன் சுவர்களைத் தொட்டுப் பார்த்தோம். மண்ணும் வைக்கோலும் பிசைந்த பூச்சு. நம் ஊரில் பழைய வீடுகளின் மண் சுவர் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கோட்டையென்றால் அச்சம் வரவேண்டும். நமக்குப் பாட்டன் வீட்டு நினைவு வந்தது.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் இமாம் துர்க்கீ பின் அப்துல்லாஹ் பள்ளிவாசல். ரியாத்தின் பெரிய ஜும்ஆப் பள்ளி இது. ஜோர்தானைச் சேர்ந்த ராஸிம் பத்ரான் என்ற கட்டடக் கலைஞர் அமைத்தது; 1992இல் முடிந்தது; 1995இல் ஆகா கான் கட்டடக் கலைப் பரிசு பெற்றது. பல ஆயிரம் பேர் ஒரே வேளையில் தொழலாம். வெளியே நின்று பார்த்தபோது நமக்கு முதலில் ஏமாற்றமே உண்டாயிற்று. இது எங்கே பள்ளி? மஞ்சள் கலந்த சுண்ணாம்புக் கல் சுவர்கள் நீண்டு கிடக்கின்றன. மேலே மிகச் சிறிய முக்கோணத் துளைகள். சதுர வடிவில் இரண்டு மினாராக்கள், ஆபரணம் ஏதுமின்றி. குப்பா இல்லை. அண்ணாந்து எல்லாப் பக்கமும் தேடினோம், இல்லை. கோட்டையின் உறவினன் போல, மார்க்கெட்டின் அண்டைவீட்டான் போல, தெருவோடு தெருவாக அது நின்றது.

உள்ளே சென்றபின் ஏமாற்றம் வேறொன்றாக மாறியது. தூண்கள். வரிசை வரிசையாகத் தூண்கள். அவற்றின் மேல் தட்டைக் கூரை. கூரையின் இடைவெளிகளில் கசிந்து இறங்கும் ஒளி. சஃப்பில் நின்று கைகட்டியபோது நாம் எங்கே நிற்கிறோம் என்ற மயக்கம் ஒரு கணம் ஏற்பட்டது. மாணவப் பருவத்தில் கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியில் தொழுதிருக்கிறோம், காயல்பட்டினத்திலும் தொழுதிருக்கிறோம். கோயில் மண்டபம் கட்டிய சிற்பியரின் கைத்திறனைக் கொண்டே, உருவங்களை விலக்கிக் கொடியும் பூவும் மட்டும் செதுக்கி, கற்றூண் நிறுத்தித் தட்டைக் கூரை போட்ட பள்ளிகள் அவை. அவற்றைக் 'கோயில் மாதிரி இருக்கிறதே' என்று முகஞ்சுளித்தவர்களை நாம் அறிவோம். நஜ்து நாட்டின் நடுவே, அரபு மண்ணின் நெஞ்சில், அதே தூணும் அதே தட்டைக் கூரையும்!

இது தற்செயலன்று. நஜ்து நாட்டின் பழைய பள்ளிகள் எல்லாமே அப்படித்தான். மண் சுவர், பூச்சிட்ட தூண், மேலே அஸ்ல் என்னும் பாலைமரத்து விட்டங்கள், அவற்றின்மேல் பேரீச்சை மட்டை, அதன்மேல் மண். குளிர்காலத் தொழுகைக்குத் தரைக்குக் கீழே கல்வா என்றொரு அறை. வெயிற்காலத் தொழுகைக்குத் திறந்த முற்றம். குப்பா அங்கே வழக்கில் இல்லை. இன்னும் பின்னோக்கிப் போனால், மதீனாவில் ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களும் தோழர்களும் தம் கையால் கட்டிய பள்ளிக்குத் தூண் பேரீச்சை மரத்தின் அடி. கூரை அதன் ஓலை. இன்று உலகெங்கும் நம்மவர் படமாக மாட்டி வைத்திருக்கும் பச்சைக் குப்பா, ஹிஜ்ரி 678இல், அதாவது 1279இல், மம்லூக் சுல்தான் கலாவூன் காலத்தில் எழுந்தது. அது பச்சை வண்ணம் பெற்றதோ 1837இல், உதுமானியர் ஆட்சியில். குப்பா கூடாதென்று நாம் ஃபத்வா கொடுக்க வரவில்லை. பைத்துல் முகத்தஸின் பொற்குப்பாவும் நம்முடையதே. தில்லியும் பீஜப்பூரும் எழுப்பியவையும் நம்முடையவையே. சொல்ல வருவது இதுதான்: 'அரபு பாணி' என்று பெயரிட்டு நம் ஜமாஅத் வரைந்திருப்பது அரபு நாட்டின் தலைநகரில் இல்லை. இடிக்கப்போவதாகச் சொல்வதுதான் அங்கே இருக்கிறது.

பத்ரானின் பணியில் நாம் வியந்தது தூண்களை மட்டுமன்று. பள்ளிக்கும் அமீரகத்தின் அரண்மனைக்கும் நடுவே சதுக்கம். சதுக்கத்தை ஒட்டிக் கடைவீதி. பள்ளியின் வாசல்கள் கடைவீதியை நோக்கித் திறக்கின்றன. வியாபாரி பாங்கு கேட்டதும் நான்கடி நடந்தால் சஃப்பில் நிற்கலாம். பழைய ரியாத்தில் ஆட்சியும் சந்தையும் தொழுகையும் எப்படி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்தனவோ, அந்த உறவை அவர் மீண்டும் நிறுத்தியிருக்கிறார். முக்கோணத் துளையை யாரும் ஒட்டிவிடலாம். உறவை ஒட்ட முடியாது.

இதற்கு மறுதலையையும் அதே நகரில் கண்டோம். மருமகனின் நண்பரொருவர் விருந்துக்கு அழைத்திருந்தார். அகன்ற நேர்கோட்டுச் சாலைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வட்டாரம். 1950களில் அமைச்சகங்கள் ரியாத்துக்கு மாறியபோது அல்மலஸ் என்ற புதுப்பகுதியை நேர்கோட்டுத் தெருக்களாக வகுத்தனர். பின்னர் 1968இல் பணியேற்ற கிரேக்க வல்லுநர் டாக்ஸியாடிஸ் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் என்ற கட்டங்களாக நகரையே வரைந்தார். பழைய மண் வீட்டில் அறைகள் தெருவோரமாகவே சூழ்ந்து நிற்க, நடுவே முற்றம் இருக்கும். வீட்டுப் பெண்களுக்கு வானம் உண்டு, அந்நியர் பார்வை இல்லை. புதிய விதியோ மனையின் நாற்புறமும் இடம் விட்டு நடுவில் வீடு கட்டச் சொல்லிற்று. முற்றம் போயிற்று, ஒரு வீட்டு மாடிச் சன்னல் அடுத்த வீட்டுச் சன்னலை உறுத்துப் பார்த்தது. விளைவு யாது? மதில்மேல் தகரத் தட்டிகள்! கோடிக் கணக்கில் செலவிட்ட மாளிகைகளின் சுற்றுச்சுவரில் நம் ஊர்க் கட்டட வேலையிடத்து மறைப்புப் போலத் தகரங்கள் உயர்ந்து நிற்கின்றன. சூரா நூர் கற்பிக்கும் இல்லத்து மரியாதையைச் சட்டத்தின் வரைபடம் மறந்தது. மக்கள் தகரத்தைக் கொண்டு நினைவூட்டுகிறார்கள். நமக்கு அந்தத் தகரங்களின் மேல் மதிப்பு உண்டாயிற்று. கோபுரங்களைவிட அவை மரபுக்கு அருகில் இருந்தன.

வேடிக்கை என்னவென்றால், அந்த மரபை ஒரு டேனிஷ்காரர் புரிந்துகொண்டிருக்கிறார். 1984இல் முடிந்த வெளிநாட்டு அமைச்சகக் கட்டடத்தை அமைத்த ஹென்னிங் லார்சன் அவர். வெளியே ஏறத்தாழச் சன்னலற்ற சுவர். உள்ளே தெருக்கள், முற்றங்கள், நீர், நிழல். அதற்கும் 1989இல் அதே பரிசு கிடைத்தது. வெளியே நின்று பார்த்ததோடு நாம் திரும்பினோம். அலுவலகத்தினுள் நுழைய நமக்கென்ன அலுவல்? படங்களில் கண்டதையே சொல்கிறோம். கலிமா சொல்லாதவர் முற்றத்தின் பொருளை அறிந்திருக்க, சொல்லும் நாம் அதை இழந்து நிற்பது எப்படி என்ற கேள்வி மட்டும் திரும்பும் வழியெல்லாம் கூடவே வந்தது. அண்மை ஆண்டுகளில் அரசே நஜ்து முகப்பை வலியுறுத்துகிறது. 2025இல் நாட்டின் பகுதிகளுக்கெனப் பத்தொன்பது கட்டடப் பாணிகளை வகுத்து அறிவித்தும் இருக்கிறது. நல்ல நோக்கம். எனினும் முகப்புக்கு விதி வகுப்பது எளிது. கண்ணாடிக் கட்டடத்தின் மேல் களிமண் நிறப் பலகை ஒட்டி, முக்கோணம் வெட்டிய கடைகள் சிலவற்றை இப்போதே பார்த்தோம். நம் ஜமாஅத்தின் பச்சைக் குப்பாவுக்கு அவை ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

வெள்ளிக்கிழமை மாலை பத்ஹாவுக்குப் போனோம். மலையாளமும் வங்காளமும் உருதும் தமிழும் ஒரே நடைபாதையில் இடித்துக்கொள்ளும் கடைவீதி அது. தருமபுரிப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் நம் தாடியையும் தொப்பியையும் பார்த்து ஸலாம் சொல்லி, ஊரை விசாரித்து, பாரூர் என்றதும் முகம் மலர்ந்து, "ஏரி நிரம்பிச்சா ஹஜ்ரத்?" என்று கேட்டார். பத்து நாட்களில் நம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுவே சிறந்தது.

இங்கேதான் உமறுவை விட்டுப் பழைய இலக்கணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. தமிழில் பாலை என்பது நிலத்தின் பெயராக மட்டும் நிற்பதில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரத்தின் கருத்து. அதன் உரிப்பொருள் பிரிவு. பிரிவிலும் பொருள் தேடிப் பிரியும் பிரிவே மிகுதி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வகுத்த இலக்கணம் பத்ஹாவின் நடைபாதைக்கு இன்று எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்! அரபு மரபிலும் பாலையின் முதற்பாட்டு பிரிவுதான். ஆனால் திசை வேறு. ஜாஹிலியாக் கவிஞன் காதலியின் கூட்டம் கூடாரம் பெயர்த்துச் சென்ற வெற்றிடத்தில் நின்று அழுகிறான். போனவர் அவர்கள், நிற்பவன் அவன். தமிழிலோ போனவன் தலைவன். வீட்டில் நின்றவள் தலைவி. ரியாத்தின் தெற்கே இன்று வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுதியாக வாழும் மன்ஃபூஹா என்ற பகுதி, முஅல்லக்காத் வரிசையில் சிலர் வைத்தெண்ணும் பெருங்கவிஞர் அல்அஃஷாவின் சொந்த ஊர். நபியவர்களைப் புகழ்ந்து பாடிய கஸீதாவோடு அவர் புறப்பட்டார் என்றும், குறைஷியர் நூறு ஒட்டகம் கொடுத்துத் திருப்பி அனுப்பினர் என்றும், ஊரை நெருங்கியபோது ஒட்டகம் வீழ்த்த இறந்தார் என்றும் அரபு இலக்கிய வரலாற்றாசிரியர் கூறுவர். பொருளுக்காகத் திரும்பியவரின் ஊரில், பொருளுக்காக வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். அத்தெருக்களில் நடந்தபோது அவர் கவிதையைவிட அந்த நூறு ஒட்டகங்களே நம் நினைவில் நின்றன.

நகரை இஸ்லாமிய மரபு உருவாக்கியது என்று சொல்வோர், வழிப்போக்கனுக்கு அம்மரபு வைத்திருக்கும் இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2017இல் அயல்நாட்டுத் தொழிலாளியுடன் தங்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு நூறாக ஏறி 2020இல் 400 ஆயிற்று. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் ஊர் திரும்பின. நம் மகளும் பேரப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஆதலின் இப்பகுதியை நடுவுநிலையோடு எழுதினோம் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 70 இலட்சம் மக்கள் வாழும் நகரில், கல்லை ஏற்றியவர்களின் அறைகளில் எட்டுக் கட்டில்கள் இருக்கின்றன, முற்றம் இல்லை. இது பத்ரான் எழுப்பிய பள்ளியின் அழகைக் குறைக்காது. ஆனால் அழகை எழுதிவிட்டு இதை எழுதாமல் விடுவது அந்தப் பயணக் கட்டுரைகளோடு நாமும் சேர்ந்துகொள்வதாகும்.

கடைசி நாள் ஹனீஃபா ஓடைக்கு அழைத்துப் போனார்கள். அதைப் பார்க்காமல் வந்திருந்தால் நம் பயணம் அரைகுறையே. 120 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பள்ளத்தாக்கே ஊரைப் பிறப்பித்தது. நகர் பெருத்ததும் ஊர் அதைக் குப்பைத் தொட்டியாக்கிற்று. கல் வெட்டினார்கள், கழிவு கொட்டினார்கள், சாக்கடை விட்டார்கள். பின்னர் ஆண்டுக் கணக்கில் உழைத்து மீட்டிருக்கிறார்கள். கழிவுநீரைச் சிறுசிறு தடுப்பணைகளில் குதிக்கவிட்டு, கல்லிலும் பாசியிலும் தவழவிட்டு, அதில் மீன்களை மேயவிட்டு, நீரைத் தெளியவைக்கிறார்கள். இதற்கு 2010இல் பரிசு கிடைத்தது. குடிநீரோ கீழைக் கடற்கரையில் உப்பு நீக்கப்பெற்று 400 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஏறிவருகிறது. அத்தகைய ஊர் தன் சாக்கடையைக்கூட வீணாக்க அஞ்சுகிறது. வழிகாட்டியவர் அம்மீனின் பெயர் திலேப்பியா என்றார். நம் ஊர் ஜிலேபி மீன்! ஓரத்தில் குடும்பங்கள் பாய் விரித்து அமர்ந்திருந்தன. பிள்ளைகள் கல்லெறிந்து விளையாடின. மஃரிபுக்கு அங்கேயே தொழுதோம்.

தொழுது முடித்தபின் நம் மனம் பாரூருக்குப் போயிற்று. நம் பெரிய ஏரி தென்பெண்ணையின் பிள்ளை. கிருஷ்ணகிரி அணையைக் கடந்த ஆற்று நீர் நெடுங்கல் அணைக்கட்டில் திரும்பிக் கால்வாய் வழியே ஏரிக்கு வருகிறது. ஏறத்தாழ 2400 ஏக்கர் அதை நம்பியிருக்கிறது. அதே ஆறு பெங்களூரின் சாக்கடைகளையும் ஆலைக் கழிவுகளையும் ஏந்திக்கொண்டு எல்லை கடந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாகப் பொங்குவதைப் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நுரை காற்றில் பறந்து சாலையில் விழுகிறது. ஃபிக்ஹுக் கிதாபுகள் எல்லாவற்றுக்கும் முதற்பாடம் நீரைப் பற்றியதே. தொழுகைக்கு முன் தூய்மை. தூய்மைக்கு முன் நீர். தேங்கிய நீர் பத்து முழத்துக்குப் பத்து முழம் இருந்தால் பெருநீர் என ஹனஃபீ இமாம்கள் அளவு வகுத்தனர். ஹவுளின் அளவு அதிலிருந்து வந்தது. எவ்வளவு பெருகிய நீராயினும் அசுத்தத்தால் நிறமோ சுவையோ மணமோ மாறிவிட்டால் அது உளூவுக்கு ஆகாது. இதை ஆண்டுதோறும் முதல் வகுப்பில் ஓதிக்கொடுக்கிறோம். ஓதும் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். பாடம் கிதாபில் இருக்கிறது. ஆறு வெளியே ஓடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க நமக்கே ஐம்பது வயது கடந்து, பாலைக்குப் போய்வர வேண்டியிருந்தது.

இப்பொழுது உமறுவிடம் திரும்பலாம். அவர் பாலையை அறியாதவர் அல்லர். அதே விலாதத்துக் காண்டத்தில் 'சுரத்திற் புனலழைத்த படலம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. வணிகக் கூட்டம் வெஞ்சுரத்தில் நீரின்றி வாடுவதையும், நபியவர்களால் அங்கே நீர் தோன்றுவதையும் பாடுவது. வெப்பமும் தாகமும் கானலும் வேண்டிய இடத்தில் தமிழ்ப் பாலையின் சொற்கள் அனைத்தையும் அவர் திறந்துவிடுகிறார். நாட்டுப் படலத்தை மட்டும் காட்டிச் சிரிக்கும் மாணவர்களிடம் இந்தப் படலத்தை நாம் ஒருமுறையும் எடுத்துக் காட்டவில்லை. தவறு ஆசிரியருடையது. பாலையை இத்துணை அறிந்தவர், ரஹ்மத்தாக வந்த நபியின் நாட்டை முதன்முதலில் தமிழ்ச் செவிக்குச் சொல்லும்போது ஏன் மழையில் தொடங்கினார்? அருளைக் குறிக்கத் தமிழனிடம் இருக்கும் முதற்சொல் மழை. அரபு மக்கள் தம் ஊருக்குத் தோட்டங்கள் என்று பெயரிட்டதும் அதே காரணத்தால்தான். மணலை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்திருந்தால் காட்சி வந்திருக்கும், ரஹ்மத் வந்திராது. உமறு உருவத்தை மாற்றிப் பொருளைக் கொண்டுவந்தார். கீழக்கரைச் சிற்பி செய்ததும் அதுவே. பத்ரான் செய்ததும் அதுவே. பள்ளி வரைபடத்தில் நம்மவர் செய்திருப்பது இதற்கு நேர்மாறு. உருவத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள், அந்த உருவமும் அவர்கள் சொல்லும் நாட்டுடையதன்று. அதற்கு விலையாகக் கொடுக்கப்போவது நிழலையும் ஹவுளையும்.

இவற்றையெல்லாம் முத்தவல்லியிடம் இத்தனை நீளமாகச் சொல்லவில்லை. இமாம் துர்க்கீ பள்ளியின் புகைப்படங்கள் இரண்டைக் கொடுத்தோம். ஒன்று வெளித்தோற்றம், ஒன்று உட்புறம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதற்படத்தை நெடுநேரம் பார்த்தார். திருப்பிப் பார்த்தார், பின்புறம் ஒன்றுமில்லை. "இது ரியாத் பள்ளிதானா ஹஜ்ரத்? குப்பா எங்கே?" என்றார். இல்லை என்றோம். புகைப்படத்தில் விழவில்லையோ என்று கேட்டார். கட்டவேயில்லை என்றோம். பக்கத்திலிருந்த வயோதிக முஅத்தின் இரண்டாம் படத்தை வாங்கி, தூண்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். ஜமாஅத்துக் கூட்டம் அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் என்று முடிவாயிற்று. புகைப்படங்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாமா என்று முத்தவல்லி கேட்டார். கொடுத்துவிட்டு, அஸருக்கு நேரமானதால் ஹவுளில் இறங்கினோம்.